எந்த நரம்பு

சுத்துதுன்னுதான் சொன்னேன். மயக்கம்னு சொல்லலை. சுத்துதுன்னு, இந்தக் கம்மிப்போன தொண்டையை வச்சுக்கிட்டு ரெண்டு தடவை சொன்னேன். அதை இவரு என் வாயில இருந்து வாங்கி அந்த டாக்டரம்மா காதுல போடும்போது மயக்கமா மாத்திப் போடுறாரு. "லேசா மயக்கம் டாக்டர். காலைல ஒண்ணும் சாப்பிடலை." சாப்பிடலையாம். வாயில வச்ச காப்பி மூக்கு வழியா வருது, இதுல இட்லியை எங்க கொண்டுபோய்த் திங்க. மயக்கம்னா எனக்குத் தெரியாதா? ஆகஸ்ட் பதினஞ்சுக்கு வெயில்ல வரிசையா நிக்க வச்சா பொத்து பொத்துன்னு விழுங்களே பிள்ளைக, அது மயக்கம். கண்ணு இருட்டும், காது அடைக்கும், தண்ணி தெளிச்சா எந்திரிச்சு உக்காந்து முழிக்கும். வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து பி.டி. டீச்சரா அதுகளைத் தூக்கி நிழல்ல போட்டவ நான். இது அது இல்லய்யா. எனக்கு ஒண்ணும் இருட்டலை, எல்லாம் பளிச்சுன்னு தெரியுது, தெரியுறது எதுவும் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. எமர்ஜென்சின்னு போட்டிருக்கிற இந்தக் கூடத்துல பச்சைத் திரை கட்டி ஒரு கட்டில்ல என்னைப் போட்டிருக்காங்க, அந்தத் திரை இடது பக்கமா ஓடுது, ஓடி முடியலை, திரும்ப முதல்ல இருந்து ஓடுது. மேல ஃபேன் நிக்குது. நிக்கிற ஃபேன் சுத்துது. கண்ணை மூடினா கட்டிலு சுத்துது. டாக்டரம்மா கேக்குறாங்க, "கண்ணு இருட்டுதா, இல்ல ரூமே சுத்துதாம்மா?" நல்ல கேள்வி. இதைத்தான் தாயி நானும் சொல்ல வர்றேன். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள இவரு, "இருட்டிட்டு வருதுங்க டாக்டர்." ஏங்க, கண்ணு உங்களுதா என்னுதா?

அதோட விட்டாரா. "இதுக்கு முன்னால ஏதாவது பிரச்சினை, பிபி, சுகர், வேற ஏதாவது மாத்திரை?" ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. சின்ன வயசுதான், என் மக தமயந்தி வயசு இருக்கும், கழுத்துல ஸ்டெத்து, கண்ணுல தூக்கம். இவரு திரைக்கு வெளிய ஒரு பார்வை பாத்தாரு. அங்க இவரு தங்கச்சி சொர்ணம் நிக்கிறா. நேத்துதான் அவ மக சடங்கு முடிஞ்சது, இன்னும் கையில மருதாணிகூட அழியலை, ஆட்டோவுல கூடவே ஏறி வந்துட்டா. பாத்துட்டும் சொல்றாரு, "நரம்பு டாக்டர்ட்ட காட்டிக்கிட்டிருந்தோம்ங்க." டாக்டரம்மா நிமிந்தாங்க. ஒரு நிமிசம் அந்த முகத்துல தூக்கம் போயி வேற ஒண்ணு வந்துச்சு. "நரம்புன்னா, நியூராலஜியா? என்ன பிரச்சினைக்கு? வலிப்பா? ஸ்கேன் எடுத்திருக்கா?" நான் நெனச்சேன், சரி, ஏதோ ஒரு வழியில பிடிச்சுட்டாங்க, இனி பாத்துருவாங்கன்னு. இவரு குரலைத் தாழ்த்தி, தாழ்த்தினாலும் கடைக்காரர் குரல்தானே, நாலு கட்டிலுக்குக் கேக்கும், நெத்திப்பொட்டுல ஒரு விரலால தட்டிக் காமிச்சு, "அந்த நரம்பு இல்லைங்க. இது… மனசு. தூக்கம் வராது, படபடங்கும், அழுவா." டாக்டரம்மா தோள் இறங்கிருச்சு. "ஓ, அந்த நரம்பா"ன்னாங்க. அவ்வளவுதான். என்னைப் பாத்த பார்வை மாறிப்போச்சு. திரைக்கு வெளிய சொர்ணத்தோட வளையல் சத்தம் நின்னுபோச்சு. கேட்டுருக்கா. கேக்காம இருப்பாளா?

நரம்பு டாக்டர்ங்கிற பேரை வச்சதே இவருதான். கர்ப்பப்பை எடுத்த பெறகு எனக்கு ராத்திரி தூக்கமே இல்லாம, ஒரு காரணமும் இல்லாம நெஞ்சு திக்கு திக்குன்னு அடிச்சுக்கிட்டு, கிரவுண்டுல விசிலு ஊதப்போனா கை நடுங்கின காலம் ஒண்ணு இருந்துச்சு. நம்ம ஊர்லயே அந்த டாக்டர் இருக்காரு, ஆனா அந்தப் படியில கால் வச்சா சாயங்காலத்துக்குள்ள பஜார் பூரா தெரிஞ்சுரும்னு இவருதான் பக்கத்து ஊருக்குக் கூட்டிட்டுப் போனாரு. பஸ்ஸுல சன்னலோரமா உக்கார வச்சு, என் கையைப் பிடிச்சு இவரு மடியில வச்சுக்கிட்டு வந்தாரு. இருபது வயசுலகூடக் கையைப் பிடிக்காத மனுசன். "யாராவது கேட்டா நரம்பு டாக்டர்னு சொல்லிக்கலாம், காலு மரத்துப்போகுதுன்னு சொல்லிக்கலாம். எங்க சொர்ணம் காதுக்குக்கூடப் போகாது, போதுமா?" ன்னாரு. போதும்னேன். அந்தக் கை எவ்வளவு சூடா இருந்துச்சு! நான் அந்தக் கையை நம்பித்தான் அந்த மாத்திரையை முழுங்கினேன், டாக்டரை நம்பி இல்ல. சரியாவும் போச்சு. போன தீபாவளிக்கு முன்னாடியே மாத்திரையை நிறுத்தியாச்சு, டாக்டரே நிறுத்திட்டாரு. முடிஞ்சுபோனதை, ஊர்ல ஒரு ஈ எறும்புக்குத் தெரியாததை, கேட்ட மாத்திரத்துல எடுத்து நடுக்கூடத்துல வச்சுட்டாரே. அதுவும் யாரு முன்னாடி? தமயந்தி கல்யாணக் கார்டுல தன் பேரு விட்டுப்போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் என்கூட முகங்குடுத்துப் பேசாத சொர்ணம் முன்னாடி. அச்சாபீஸ்காரன் விட்டது, நான் விட்டேனாம். இனி அவளுக்கு வேற என்ன வேணும்? பைத்தியம் பிடிச்சவளை எங்கண்ணன் கட்டிக்கிட்டு மாரடிக்குதுன்னு சொல்லப்போறா. சொல்லட்டும். அவ சொன்னா வலிக்காது. இவரு சொல்லிட்டாருங்கிறதுதான் வலிக்குது.

வாந்திக்கு ஒரு ஊசி போட்டாங்க, பாட்டில் ஏத்துறாங்க, "டென்ஷன்தான், கொஞ்சம் தூங்கட்டும், அப்பறம் கூட்டிட்டுப் போயிருங்க, அவங்க பழைய டாக்டரையே பாருங்க"ன்னு சொல்லிட்டு டாக்டரம்மா அடுத்த திரைக்குப் போயிட்டாங்க. அங்க யாரோ பைக்ல இருந்து விழுந்து கத்துறான். கத்துறவனுக்குத்தான் டாக்டரு. எனக்குக் கத்த முடியலையே. கிரவுண்டோட இந்த மூலையில நின்னு அட்டேன்ஷன்னா அந்த மூலையில காலு டப்புன்னு சேரும், மைக்கு வேண்டாம் எனக்கு, ஹெட்மாஸ்டரே சொல்லுவாரு இந்திராணி டீச்சர் இருக்கும்போது கரண்டு செலவு எதுக்குன்னு. இப்ப பேசினா காத்துதான் வருது. இதுல விக்கல் வேற. காலைல இருந்து விட்ட பாடில்ல. நர்ஸுப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே, "யாரோ உங்களை நெனைக்கிறாங்கம்மா"ன்னுட்டுப் போகுது. யாரு நெனைக்கப்போறா, யாரும் நெனைக்காம விட்டதாலதான் இங்க வந்து கிடக்கேன். இவரு ஃப்ரிட்ஜுத் தண்ணி பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வந்து வச்சுட்டுப் போனாரு. இடது கையால தொட்டேன், சில்லுன்னு இருந்துச்சு. வலது கைக்கு மாத்தினேன், சில்லிப்பே இல்ல. திரும்ப இடது கை, சில்லுனு. வலது கை, ஒண்ணுமில்ல, வெறும் பாட்டில். முகத்துல வச்சுப் பாத்தா அங்க தலைகீழா இருக்கு, வலது கன்னத்துக்குத் தெரியுது, இடது கன்னம் பல் பிடுங்கினப்ப மரத்துப்போச்சே அந்த மாதிரி கிடக்கு. படபடப்பு வந்தப்ப இப்படி இல்லவே இல்ல. அப்ப பயம் முதல்ல வரும், உடம்பு பின்னாடி ஆடும். இப்ப உடம்பு முதல்ல போயிருச்சு, பயம் இப்பத்தான் மெதுவா வந்து சேருது. எனக்கு என்னமோ ஆகுது. நெசமாவே என்னமோ ஆகுது. இவங்க என்னை வீட்டுக்கு அனுப்பிட்டா நான் வீட்டுல செத்துப்போயிருவேன், தமயந்திக்கு கோயம்புத்தூருக்கு போன் போகும், அம்மாவுக்கு டென்ஷன், தூங்கினா, எந்திரிக்கலைன்னு இவரு சொல்லுவாரு. நர்ஸைக் கூப்பிட்டேன். காத்து வந்துச்சு. கையைத் தட்டலாம்னு பாத்தா கையில ஊசி.

இது இன்னைக்கு ஆரம்பிச்சதா? நேத்து சாயங்காலம், சீர் தூக்கிட்டுப் போகும்போது ஆரம்பிச்சது. சொர்ணம் மகளுக்குத் தாய்மாமன் இவரு, இவரு சீர் இல்லாம சடங்கு நடக்குமா? தெரு முக்குல இருந்து மண்டபம் வரைக்கும் மேளத்தோட போகணும், பட்டுப்பாவாடைத் தட்டு அத்தைக்காரி கையில, அதாவது என் கையில. மேளம் அடிக்க ஆரம்பிச்சதும் பின்னந்தலையில சுளீர்னு ஒண்ணு. அடுத்த அடி வைக்கிறேன், ரோட்டைக் காணோம், இடது பக்கமா யாரோ தோளைப் பிடிச்சு இழுத்த மாதிரி போய் சுவத்துல மோதினேன். தட்டு கவுந்து பட்டுப்பாவாடை சாக்கடை ஓரத்துல விழுந்துச்சு. மேளக்காரன் நிறுத்திட்டான். எல்லாரும் பாக்குறாங்க. சொர்ணம் மண்டப வாசல்ல ஆரத்தித் தட்டோட நின்னு பாத்துக்கிட்டே இருக்கா. நான் இவரு கையைப் பிடிச்சு, "ஏங்க, தலை சுத்துது, என்னமோ மாதிரி இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்"னேன். இவரு பல்லைக் கடிச்சுக்கிட்டு, ஊருக்குச் சிரிச்ச முகமா, "எங்க தங்கச்சி வீட்டு விசேஷம்னா மட்டும் சரியா உனக்குத் தலை சுத்திரும். நாடகம் ஆடாத. அசிங்கப்படுத்தாம நட"ன்னாரு. நடந்தேன். எப்படி நடந்தேன்னு கேக்காதீங்க. ராத்திரி வரைக்கும் மண்டபத்துத் தூணோட சாஞ்சு உக்காந்திருந்தேன். வாந்தி வந்தப்ப முந்தானையில பிடிச்சேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா பாருன்னு பேசினது எனக்குக் கேட்டுச்சு. வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு குடுத்தாரு, பித்தம்னாரு, தூங்கு சரியாயிரும்னாரு. விடிஞ்சு கக்கூசுக்குப் போக எந்திரிச்சு வாசப்படியில விழுந்த பெறகுதான் ஆட்டோ.

இந்தப் பாட்டில் ஏத்தினதுல மூத்திரம் முட்டுது. யாரையும் கூப்பிட முடியலை, இவரு வெளிய போன்ல சீருக்கு வாடகைக்கு எடுத்த தட்டுகளைத் திருப்பிக் குடுக்குறதைப் பத்திப் பேசிக்கிட்டிருக்காரு. போறது போகட்டும்னு காலைத் தொங்கப் போட்டேன். கட்டிலைப் பிடிச்சு நின்னேன். அட்டேன்ஷன் இந்திராணி, காலைச் சேருன்னு எனக்கு நானே சொன்னேன். காலைச் சேத்ததும் போச்சு. இடது பக்கமா, சாயுறதுன்னு சொல்ல முடியாது, தள்ளி விட்ட மாதிரி போய், திரையைப் பிடிச்சு, திரை கம்பியோட வந்து, பாட்டில் ஸ்டாண்டு மேல விழுந்து, பெரிய சத்தம். முதல்ல ஓடி வந்தது சொர்ணம். "ஐயோ மதினி!" ன்னு அக்குள்ல கையைக் குடுத்துத் தூக்கினா. அவ மதினின்னு கூப்பிட்டு எத்தனை நாளாச்சு. அப்பறம் டாக்டரம்மா. "எந்தப் பக்கம் விழுந்தாங்க?" சொர்ணம்தான் சொன்னா, "இடது பக்கம். நேரா நின்னவங்க அப்படியே இடது பக்கம் போயிட்டாங்க." டாக்டரம்மா என்னை உக்கார வச்சு, முதுகுல ரெண்டு பக்கமும் கையை வச்சு நிமித்தப் பாத்தாங்க, நான் சாஞ்சுக்கிட்டே போறேன். விரலை ஆட்டி இதையே பாருன்னாங்க, என் கண்ணு அதுபாட்டுக்குத் துடிக்குது. மூக்கைத் தொடுங்கன்னாங்க, வலது கை தொட்டுச்சு, இடது கை கன்னத்துல போய்க் குத்துச்சு. தண்ணி குடுத்தாங்க, புரை ஏறிருச்சு. பேசச் சொன்னாங்க. பேசினேன். "இவங்க குரல் எப்பவும் இப்படியா?" ன்னு கேட்டாங்க. சொர்ணம், "இவங்க குரல் எட்டூருக்குக் கேக்குமே"ன்னா. டாக்டரம்மா என் முகத்தைப் பாக்காம, "அந்த நரம்புன்னு சொன்னதும் நானும்…" ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க. நர்ஸைக் கூப்பிட்டு ஸ்கேனுக்குச் சொல்லுன்னாங்க. சத்தமா, வேகமா. எனக்கு அழுகை வந்துருச்சு. பயத்துல இல்ல. நம்பிட்டாங்களேன்னு.

இவரு போனைக் காதுல வச்சபடி ஓடி வந்தாரு. டாக்டரம்மா எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க. பின்மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு மாதிரி இருக்கு, பக்கவாதத்துல ஒரு வகை, கை கால் விழுகாது, இப்படித் தலை சுத்தலாத்தான் வரும். அடைப்பைக் கரைக்க ஊசி ஒண்ணு இருக்கு. ஆனா ஆரம்பிச்ச சில மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் உண்டு. நேரம் தாண்டினவங்களுக்குப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிரும். "அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முதல் முதலா எப்ப ஆரம்பிச்சது?" நான் இவரு முகத்தைப் பாத்தேன். ரெண்டு முகமாத் தெரியுது, ஒண்ணுக்கு மேல ஒண்ணு. ரெண்டும் வேர்த்திருக்கு. சொல்லுங்க, நேத்து சாயங்காலம், சீர் தூக்கும்போதுன்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா, நான்தான் நாடகம்னு சொல்லிட்டேன்னு சொல்லக்கூட வேண்டாம், நேரத்தை மட்டும் சொல்லுங்க. "காலைலதான் டாக்டர்"னாரு. "நைட்டு நல்லாத் தூங்கினா. காலைல எந்திரிச்சதும்தான்." நான் தலையை ஆட்டினேன், ஆட்டினதும் கூடமே கவுந்துச்சு, கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். "நேத்து"ன்னேன். "நேத்து சாயங்காலம்." இவரு குறுக்க விழுந்து, "அவளுக்குக் குழப்பமா இருக்கு டாக்டர், நேத்து நல்லாத்தான் இருந்தா, விசேஷத்துக்கு வந்தா, எல்லாரும் பாத்தாங்க." டாக்டரம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பாத்தாங்க. யாரை நம்புறதுன்னு அந்தப் பொண்ணு தவிக்குது. அந்த நரம்பு, அழுவா, படபடங்கும். அதெல்லாம் அவங்க காதுலதானே இருக்கு. என் உசுரு இப்ப அந்தப் பொண்ணு காதுல இருக்கு. சொர்ணம் அண்ணனைப் பாத்தா. எனக்குத் தெரியும், இவ சொல்ல மாட்டா, அண்ணன்காரனை விட்டுக்குடுக்க மாட்டா, நேத்துதான் இவரு பட்டும் தங்கமுமா வந்து இவ மானத்தைக் காப்பாத்தினாரு. "நேத்து சாயங்காலம்தான் டாக்டர்"னா சொர்ணம். "சீர் எடுத்துட்டு வரும்போதே இடது பக்கமா போய் மோதினாங்க. நான் வாசல்ல நின்னு பாத்தேன். வேணும்னு பண்றாங்கன்னு நெனச்சுட்டேன். அப்ப இருந்து ராத்திரி வரைக்கும் தூணைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. அண்ணே, நீதானே கூட இருந்த?"

"அப்ப அந்த ஊசி போட முடியாது"ன்னாங்க டாக்டரம்மா. "வேற மருந்து இருக்கு. ஸ்கேன் எடுத்துட்டு ஐசியுல வச்சுக்குவோம், மூளையில வீக்கம் வராம பாக்கணும். சொன்னது நல்லதாப் போச்சு"ன்னுட்டு வேகமாப் போனாங்க. இவரு குனிஞ்சாரு. வாயில இருந்து நேத்துச் சடங்குச் சாப்பாட்டுப் பாக்கு வாசம் இன்னும் வருது. அழுதுருக்காரு. காதுக்குள்ள மெதுவாச் சொல்றாரு, "வாயை மூடிட்டு இருந்தா ஊசியைப் போட்டிருப்பாங்கள்ல. நீயே கெடுத்துக்கிட்டியே இந்திராணி." நெசமாவே அப்படித்தான் நெனைக்கிறாரோ என்னமோ. எனக்கு நல்லதுன்னுதான் பொய் சொன்னாரோ. அப்படி இருந்துட்டா எவ்வளவு நல்லாயிருக்கும்னு அதையே பிடிச்சுக்கிட்டுக் கிடக்கேன், விட மனசு வரலை. ஆனா ரத்தம் கசியும், உயிருக்கு ஆபத்துன்னு டாக்டரம்மா சொன்னப்ப இவரு எனக்குப் பக்கத்துல நின்னாரு. போனைக் காதுல இருந்து எடுத்தாச்சு. அதைக் கேட்டாரு. கேட்டு முடிச்சுத்தான் காலைலன்னு சொன்னாரு. நான் செத்தாலும் பரவாயில்ல, தங்கச்சி முன்னாடி தப்பு தன்னுதாயிரக்கூடாது. இவ்வளவு நாள் குடித்தனம் நடத்தினது இந்த மனுசன்கூடத்தானா? ஸ்ட்ரெச்சர் தள்ளுறவர் வந்து கட்டில் சக்கரத்துப் பூட்டை எடுத்துவிட்டு, "ஸ்கேனுக்குக் கூட ஒரு ஆள் மட்டும் வாங்க"ன்னாரு. இவரு கம்பியைப் பிடிச்சாரு. நான் அந்தக் கையைத் தள்ளினேன். வலது கையாலதான் தள்ளினேன், அந்தக் கை சூடா இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியலை. "நான் இவ புருஷன்ங்க"ன்னு தள்ளுறவர்கிட்டச் சொல்றாரு. அவரு என்னைப் பாத்தாரு. "சொர்ணம்"னேன். காத்துதான் வந்துச்சு. ஆனா அவளுக்குக் கேட்டுருச்சு, சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு அண்ணனைத் தாண்டி வந்து கம்பியைப் பிடிச்சா.